கணையப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்தது, கீமோ எப்போது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பாவுக்குக் கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி. அந்தத் தலைப்பகுதியை எடுக்கிற விப்பிள் ஆபரேஷன், அப்புறம் ஆறு மாதத்துக்கும் கொஞ்சம் கூடுதலாகக் கீமோ. அது முடிந்ததிலிருந்து தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று யாராவது போன் செய்துகொண்டே இருக்கிறார்கள். சுற்றிச் சுற்றி ஒரே கவலைதான்: "எப்ப ஆரம்பிக்கணும், லேட் ஆயிடுச்சா?" ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி மாளவில்லை, அதனால் எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. இதைப் படித்துவிட்டு உங்கள் டாக்டரிடம் என்ன கேட்பது என்று தெரிந்தால் போதும். கணையத்தில் அதிகமாக வரும் அடினோகார்சினோமா வகையைப் பற்றி மட்டுமே இங்கே பேசுகிறேன். மற்ற வகைக்குக் கீழே தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

"கட்டியை முழுசா எடுத்தாச்சுன்னு சர்ஜனே சொல்லிட்டார். அப்புறம் எதுக்குக் கீமோ?"

கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தெரிந்ததை எடுத்தாயிற்று, அவ்வளவுதான். இந்தப் புற்றுநோயின் கெட்ட குணம் என்னவென்றால், கட்டி சின்னதாக இருக்கும்போதே சில செல்கள் ரத்தம் வழியாகக் கல்லீரல், நுரையீரல் என்று போய் உட்கார்ந்துவிடும். அவ்வளவு சின்னதை எந்த ஸ்கேனும் காட்டாது. ஜெர்மனியை மையமாக வைத்து நடந்த கான்கோ-001 ஆய்வில் ஆபரேஷன் முடிந்தவர்களில் பாதிப் பேருக்கு ஜெம்சிட்டபைன் என்ற கீமோ மருந்து கொடுத்தார்கள், மீதிப் பேருக்கு எதுவும் கொடுக்காமல் கண்காணித்தார்கள். ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள், மருந்து எடுத்தவர்களில் 20.7 சதவீதம், எடுக்காதவர்களில் 10.4. அது ஒற்றை மருந்து, பழைய மருந்து. இப்போது அதைவிட நல்லது இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

"ஆபரேஷன் முடிஞ்சு எத்தனை நாள்ல ஆரம்பிக்கணும்?"

உடம்பு தேறியிருந்தால் 6 முதல் 8 வாரத்துக்குள், தேறத் தாமதமானால் 12 வாரத்துக்குள். அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கமான ஆஸ்கோ, முழுக்கத் தேறியிருக்கும் பட்சத்தில் 8 வாரத்துக்குள் என்கிறது. பெரிய ஆய்வுகளில் பலவும் 12 வாரம் வரை ஆட்களைச் சேர்த்துக்கொண்டன. அப்பாவுக்கு 61-வது நாள், அதாவது ஒன்பதாவது வாரத்தில் ஆரம்பித்தது.

எண்ணுவது ஆபரேஷன் நடந்த நாளிலிருந்து. டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து எண்ணிக்கொண்டு "இன்னும் மூணு வாரம் இருக்கே" என்று நிம்மதியாக இருந்தவர்களை எனக்குத் தெரியும். மருத்துவமனையிலேயே மூன்று வாரம் போயிருக்கும், அதையும் சேர்க்கணும்.

"அது என்ன 12 வாரம்? 13-வது வாரம் மருந்து வேலை செய்யாதா?"

12 என்பது ஆய்வுகள் போட்டுக்கொண்ட எல்லை, உடம்பு போட்ட எல்லை இல்லை. இதை நேரடியாக அலசியது ஈஸ்பாக்-3 ஆய்வின் தரவுகளை வைத்து 2014-ல் வந்த ஒரு கட்டுரை. 985 நோயாளிகள். சீக்கிரம் ஆரம்பித்தவர்கள் அதிக நாள் வாழ்ந்தார்களா என்று பார்த்தால், இல்லை. 12 வாரம் வரை எப்போது ஆரம்பித்தாலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வித்தியாசம் தெரிந்தது வேறொரு இடத்தில்: திட்டமிட்ட ஆறு சுற்றையும் முடித்தவர்களுக்கும் பாதியில் விட்டவர்களுக்கும் இடையே. முழுசாக முடித்தவர்கள் 68 சதவீதம்தான்.

இந்த ஒரு விஷயம் எனக்கு யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் அந்த இரண்டு மாதம் காலண்டரைப் பார்த்துப் பார்த்து அப்படித் தவித்திருக்க மாட்டேன்.

"அப்படின்னாலும் சீக்கிரம் போட்டா நல்லதுதானே? மூணாவது வாரமே ஆரம்பிச்சா என்ன?"

விப்பிள் ஆபரேஷனில் மூன்று இடத்தில் தையல் இணைப்பு இருக்கிறது. மிச்சமிருக்கும் கணையம், பித்தக்குழாய், இரைப்பை, மூன்றையும் தனித்தனியாகக் குடலோடு சேர்த்திருப்பார்கள். கீமோ வேகமாக வளரும் செல்களை அடிக்கும். காயம் ஆறுவதும் செல் வளர்ச்சிதான். வெள்ளை அணுக்களும் குறையும், அந்த நேரத்தில் உள்ளே எங்காவது கசிவோ சீழோ இருந்தால் நிலைமை கையை மீறிப் போய்விடும். அப்புறம் கீமோவை நிறுத்துவார்கள். முந்தைய பதிலில் சொன்ன "பாதியில் விட்டவர்கள்" பட்டியலில் போய்ச் சேர்வதற்கு இது ஒரு சுலபமான வழி.

அமெரிக்கப் பதிவேட்டை வைத்து 7,548 பேரைப் பார்த்த 2019 ஆய்வு ஒன்றில், 28 முதல் 59 நாட்களுக்குள் ஆரம்பித்தவர்களின் நிலைமை நன்றாக இருந்தது. அதற்கு முன்னால் ஆரம்பித்தவர்களுக்கும் பின்னால் ஆரம்பித்தவர்களுக்கும் அந்த அளவுக்கு இல்லை. இப்படிப்பட்ட ஆய்வை அப்படியே நம்பிவிடக் கூடாது. தாமதமாக ஆரம்பித்தவர்கள் ஆரம்பத்திலேயே உடம்பு மோசமாக இருந்தவர்களாகவும் இருக்கலாம் இல்லையா?

"எங்கம்மாவுக்கு டிரெயின் டியூப்ல இன்னும் தண்ணி வருது. டியூபோட கீமோ போடுவாங்களா?"

என்ன தண்ணீர் என்பதைப் பொறுத்தது. டிரெயினில் வரும் திரவத்தில் அமிலேஸ் (கணையம் சுரக்கும் ஒரு என்சைம்) அளவு பார்ப்பார்கள். ஆபரேஷன் ஆன மூன்றாம் நாளிலோ அதற்குப் பிறகோ அது ரத்தத்தில் இருக்க வேண்டிய உச்ச அளவைப்போல மூன்று மடங்கைத் தாண்டினால் கணையச் சாறு கசிகிறது என்று அர்த்தம். காய்ச்சல் இல்லாமல், நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தால் பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும். காய்ச்சல், வயிற்று வலி, சீழ் இருந்தால் முதலில் அதற்குத்தான் வைத்தியம், கீமோ காத்திருக்கும்.

அளவைத் தினமும் ஒரே நேரத்தில் எழுதி வையுங்கள். அப்பா ஓய்வுபெற்ற சர்வேயர். நாற்பது பக்க நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு தேதி, மில்லி, நிறம் என்று மூன்று பத்தி எழுதினார். நிறத்துக்கு "கடுங்காப்பி", "வரக்காப்பி", "மோர்" என்று அவர் வைத்த பெயரைப் படித்து டியூட்டி டாக்டர் சிரித்தார். ஆனால் டியூபை எடுப்பது பற்றி முடிவு செய்ததும் அந்த நோட்டைப் பார்த்துத்தான்.

"சாப்பாடே இறங்க மாட்டேங்குது, 9 கிலோ குறைஞ்சிட்டார். இந்த நிலைமையில எப்படி கீமோ?"

தாமதத்துக்கு நான் பார்த்த காரணங்களில் இதுதான் முதலிடம். இரைப்பை காலியாகவே நாளாகும், இரண்டு இட்லிக்கு வயிறு நிறைந்துவிடும், வாந்தி வரும். சிலருக்கு மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் ரைல்ஸ் டியூபைத் திரும்பப் போடவேண்டி வரும். இது வாரக்கணக்கில் இழுத்தாலும் பெரும்பாலும் சரியாகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக ஆறு ஏழு வேளை கொடுங்கள்.

ஆனால் சாப்பிடுகிறார், எடை மட்டும் ஏறவில்லை என்றால் கழிப்பறையில் பாருங்கள். மலம் வெளிறி, எண்ணெய் மாதிரி மிதந்து, தண்ணீர் ஊற்றினாலும் ஒட்டிக்கொண்டு, நாற்றம் கடுமையாக இருந்தால் கொழுப்பு ஜீரணமாகவில்லை. கணைய என்சைம் கேப்சூல் தேவைப்படுகிறது, அல்லது கொடுத்த அளவு போதவில்லை. எங்கள் வீட்டில் நடந்த கூத்து: டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருந்த கேப்சூலை நாங்கள் மற்ற மாத்திரைகளோடு சேர்த்துச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாலேயே கொடுத்துக்கொண்டிருந்தோம். அதை முதல் வாய்ச் சோற்றோடு சேர்த்து விழுங்கணும், உணவோடு கலந்தால்தான் வேலை செய்யும். மூன்று வாரம் வீணாகப் போனது. சரியாகக் கொடுக்க ஆரம்பித்ததும் பத்தே நாளில் ஒன்றரை கிலோ ஏறினார். சர்க்கரையையும் பாருங்கள், கணையத்தில் ஒரு பகுதி போனதால் புதிதாகச் சர்க்கரை நோய் வருவது சகஜம், அதுவும் எடையைத் தின்னும்.

"12 வாரம் தாண்டிடுச்சு. இனிமே போட்டுப் பிரயோஜனம் இல்லைன்னு சொந்தக்காரர் சொல்றார்."

சொந்தக்காரர் சொல்வதை விட்டுவிடுங்கள். மேலே சொன்ன அதே 2019 ஆய்வில், 12 வாரத்துக்குப் பிறகு ஆரம்பித்தவர்கள்கூட ஆபரேஷனோடு நிறுத்திக்கொண்டவர்களைவிட அதிக நாள் இருந்தார்கள். ஆகவே கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது. ரொம்பத் தள்ளிப்போயிருந்தால் டாக்டர் முதலில் புதிதாக ஒரு சிடி ஸ்கேனும் சிஏ 19-9 ரத்தப் பரிசோதனையும் (இந்தக் கட்டி இருந்தால் பெரும்பாலும் ஏறும் ஒரு எண்) பார்ப்பார். இடைப்பட்ட நாளில் நோய் திரும்பியிருந்தால் சிகிச்சைத் திட்டமே வேறு.

"பயாப்ஸி ரிப்போர்ட் வரவே மூணு வாரம் ஆச்சு. இப்ப ஊர்ப்பக்கம் வேற ஆஸ்பத்திரிக்கு மாறலாம்னு இருக்கோம்."

உடம்பு கேட்கிற தாமதம் ஒன்று, நாமும் காகிதங்களும் சேர்ந்து உண்டாக்குகிற தாமதம் இன்னொன்று. முதலாவதைப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாவதில் ஒரு நாள்கூட நல்லதற்கில்லை.

ஆகவே ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காமல் நான்காவது வாரத்துக்குள் மெடிக்கல் ஆன்காலஜிஸ்ட்டை (கீமோ கொடுக்கும் டாக்டரை) பார்க்க நேரம் வாங்கிவிடுங்கள். சர்ஜன் அனுப்புவார் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம், கேளுங்கள். மாறுவதாக இருந்தால் ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, ஸ்லைடுகளும் பாரஃபின் பிளாக்கும் (மெழுகில் பதித்து வைத்த கட்டியின் துண்டு) கேட்பார்கள், அவற்றை எடுத்துத் தரவே சில நாள் ஆகும். ஆபரேஷன் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி, சிடி ஸ்கேன் சிடி, எல்லாம் ஒரே பையில். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் போடுவதாக இருந்தால் முன் அனுமதி வேண்டும், அதற்கும் நாள் ஒதுக்குங்கள். கழுத்துக்குக் கீழே தோலுக்கடியில் வைக்கிற கீமோ போர்ட்டையும் இந்த இடைவெளியிலேயே வைத்துவிட்டால் நல்லது. அப்பாவுக்கு அதை எட்டாவது வாரம்தான் நினைத்தார்கள், அதிலேயே ஐந்து நாள் போனது.

"ஆடி மாசம், நல்ல காரியம் ஆரம்பிக்கக் கூடாதுன்னு பாட்டி சொல்றாங்க. ஆவணிக்குத் தள்ளலாமா?"

ஆபரேஷன் ஆகி நாலு வாரம்தான் ஆகிறது, டாக்டரே இன்னும் இரண்டு வாரம் போகட்டும் என்கிறார் என்றால் பாட்டி மனசும் குளிரட்டும். பத்தாவது வாரத்தில் இருந்துகொண்டு ஒரு மாதம் தள்ளுவது வேறு கதை. எங்கள் அத்தை அமாவாசைக் கணக்கு பார்த்தார், அவரிடம் அம்மா சொன்னது: "வைத்தியத்துக்கு ஏது நாள் கிழமை, பசிக்கிறவன் ராகுகாலம் பாத்தா சாப்பிடறான்?"

"எந்த மருந்து போடுவாங்க? அதுக்கும் எப்ப ஆரம்பிக்கிறதுக்கும் சம்பந்தம் இருக்கா?"

நிறைய இருக்கிறது. உடம்பு தாங்கும் என்றால் முதல் தேர்வு மாற்றியமைத்த ஃபோல்ஃபிரினாக்ஸ்: ஆக்ஸாலிப்ளாட்டின், இரினோடீகன், லூகோவோரின், 5-எஃப்யூ. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, 12 தடவை, 24 வாரம். 5-எஃப்யூ மட்டும் 46 மணி நேரம் ஒரு சின்ன பம்ப் வழியாக இறங்கும், அதை இடுப்பில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிடலாம். பிரான்சிலும் கனடாவிலும் 493 பேரை வைத்து நடந்த ப்ராடிஜ் 24 ஆய்வில் (2018-ல் வெளியானது) இதை எடுத்தவர்களின் சராசரி ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், 54.4 மாதம், ஜெம்சிட்டபைன் மட்டும் எடுத்தவர்களுக்கு 35. ஐந்து வருடக் கணக்கில் 43 சதவீதமும் 31 சதவீதமும். ஆய்வில் சேர்த்தது ஆபரேஷன் முடிந்து 3 முதல் 12 வாரத்துக்குள்.

சும்மா வராது. கடுமையான பக்கவிளைவுகள் நான்கில் மூன்று பேருக்கு வந்தன. அதனால்தான் டாக்டர்கள் இந்த மருந்தைக் கொடுக்க நினைத்தால் இன்னும் இரண்டு வாரம் தேறட்டும் என்று காத்திருப்பார்கள். தாங்காது என்று பட்டால் ஜெம்சிட்டபைனோடு கேப்சிட்டபைன் மாத்திரை, அதுவும் முடியாவிட்டால் ஜெம்சிட்டபைன் மட்டும். ஜப்பானில் எஸ்-1 என்ற மாத்திரை கொடுக்கிறார்கள், அங்கே ஆய்வில் பலன் நன்றாகவே இருந்தது. "ஏழாவது வாரம் ஜெம்சிட்டபைன், பத்தாவது வாரம் ஃபோல்ஃபிரினாக்ஸ், எது வேண்டும்?" என்ற நிலை வந்தால் டாக்டரிடம் இதே வார்த்தையில் கேளுங்கள். கேட்கவேண்டிய கேள்விதான்.

"தாத்தாவுக்கு 76 வயசு. வயசானவங்களுக்கு இதெல்லாம் வேணுமா?"

மேலே சொன்ன ப்ராடிஜ் ஆய்வில் 79 வயது வரை சேர்த்தார்கள். டாக்டர் வயதைவிட அதிகமாகப் பார்ப்பது, தாத்தா பகலில் எவ்வளவு நேரம் படுத்தே இருக்கிறார், தானே குளிக்கிறாரா, மாடி ஏறுகிறாரா என்பதை. ஆன்காலஜிஸ்ட் முன்னால் உட்கார்ந்ததும் "நல்லா இருக்கேன் டாக்டர்" என்று தாத்தா சொல்வார். நீங்கள் உண்மையைச் சொல்லுங்கள்.

"ஆபரேஷனுக்கு முன்னாடியே 4 மாசம் கீமோ போட்டாச்சு. திரும்ப ஆறு மாசமா?"

இல்லை. கட்டி பக்கத்து ரத்தக்குழாயை ஒட்டியிருந்தால் முதலில் கீமோ, பிறகு ஆபரேஷன் என்று போவார்கள். பொதுவாக முன்னும் பின்னும் சேர்த்து மொத்தம் ஆறு மாதம் என்பதுதான் கணக்கு, அப்படியென்றால் மிச்சம் இரண்டு மாதம். முன்பு போட்ட மருந்துக்குக் கட்டி எப்படிக் கட்டுப்பட்டது என்பது பயாப்ஸியில் தெரியும், அதை வைத்து மருந்தை மாற்றவும் செய்வார்கள்.

"சிஏ 19-9 இன்னும் குறையல. அது குறைஞ்சாதான் கீமோவா?"

குறைய வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். ப்ராடிஜ் ஆய்வில் 180-க்கு மேல் இருந்தவர்களைச் சேர்க்கவில்லை, ஏனென்றால் உள்ளே எங்கோ நோய் மிச்சமிருக்கிறதோ என்ற சந்தேகம். உங்களுக்கும் ஏறிக்கொண்டே போனால் ஸ்கேன் எடுப்பார்கள். ஆனால் பித்தம் அடைபட்டு மஞ்சள் காமாலை இருந்தாலும் இந்த எண் ஏறும், கட்டிக்குச் சம்பந்தமே இல்லாமல். காமாலையில் ஏறும் பிலிருபின் கூடுதலாக இருந்தால் இரினோடீகன் கொடுப்பதும் ஆபத்து, எனவே முதலில் அதைச் சரிசெய்வார்கள். நூறில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு உடம்பு இந்தப் பொருளைத் தயாரிக்கவே செய்யாது, அவர்களுக்கு எண் எப்போதும் கீழேதான், அதை நம்பிச் சந்தோஷப்படவும் முடியாது.

"ஆரம்பிச்சாச்சு. கவுண்ட் குறைஞ்சிடுச்சுன்னு மூணாவது கீமோவை ஒரு வாரம் தள்ளிட்டாங்க. போச்சா?"

ஒன்றும் போகவில்லை. வெள்ளை அணுக்களும் தட்டணுக்களும் ஓரளவுக்கு மேல் ஏறாமல் அடுத்த டோஸ் போட மாட்டார்கள். அளவைக் குறைப்பார்கள், கவுண்ட் ஏற்ற ஊசி போடுவார்கள், ஒரு மருந்தை நிறுத்திவிட்டு மற்றதைத் தொடர்வார்கள். ப்ராடிஜ் ஆய்விலேயே ஃபோல்ஃபிரினாக்ஸை முழுசாக முடித்தவர்கள் 66 சதவீதம்தான். அப்பாவுக்கு 24 வாரத்தில் முடிய வேண்டியது 27 வாரம் ஆனது. எட்டாவது தடவைக்குப் பிறகு ஆக்ஸாலிப்ளாட்டினை நிறுத்தினார்கள். சில்லென்ற எவர்சில்வர் டம்ளரைத் தொட்டாலே விரல் நுனியில் கரண்ட் அடிப்பது போல இருந்தது அவருக்கு, சட்டைப் பட்டன் போட அம்மா வரவேண்டியிருந்தது. மரத்துப்போவதை மறைக்காமல் சொல்லணும், மறைத்தால் நிரந்தரமாகத் தங்கிவிடலாம்.

"எங்களுக்கு வால் பகுதியில கட்டி, மண்ணீரலையும் எடுத்துட்டாங்க. இதே கணக்குதானா?"

வாரக் கணக்கு இதேதான். மண்ணீரல் போனதால் கூடுதலாகத் தடுப்பூசிகள்: நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப். முன்பே போடாவிட்டால் ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம் கழித்துப் போடுவது வழக்கம், கீமோ தொடங்குவதற்கு முன்னால் இரண்டு வாரம் இடைவெளி கிடைத்தால் நல்லது. இதை யாரும் நினைவுபடுத்தாமல் போனதால் கீமோவுக்கு முதல் நாள் தடுப்பூசிக்கு அலைந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும்.

"காத்திருக்கிற நேரத்துல சித்த மருந்து கொடுக்கலாமா?"

டாக்டரிடம் சொல்லாமல் எதுவும் வேண்டாம். நான் சித்த வைத்தியத்துக்கு எதிரி இல்லை. ஆனால் சீந்தில் எடுத்தவர்களுக்குக் கல்லீரல் கெட்டதை இந்திய மருத்துவர்களே ஆய்விதழில் எழுதியிருக்கிறார்கள். கல்லீரல் எண் ஏறினால் கீமோ தள்ளிப்போகும், எதனால் ஏறியது என்று கண்டுபிடிக்கவே இரண்டு வாரம் போகும்.

"ரிப்போர்ட்ல நியூரோஎண்டோகிரைன்னு போட்டிருக்கு. எப்ப ஆரம்பிக்கணும்?"

இந்தப் பக்கத்தில் உள்ள எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. அது பெரும்பாலும் மெதுவாக வளரும் வேறு நோய், முழுசாக எடுத்துவிட்டால் பலருக்குக் கீமோவே கிடையாது. ஸ்டீவ் ஜாப்ஸுக்கு வந்தது அதுதான். அவர் கதையைக் கணையப் புற்றுநோய் என்று பொதுவாகச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்களிடமும் இதைச் சொல்லலாம்.

"அப்பாகிட்ட கேன்சர்னு சொல்லவே இல்ல. சத்து ஊசின்னு சொல்லி ஆறு மாசம் ஓட்ட முடியுமா?"

முடியாது என்றுதான் சொல்வேன். கீமோ ஓடும்போது 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் நடு ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடணும். சத்து ஊசி போட்டவர் லேசான காய்ச்சலை யாரிடமும் சொல்ல மாட்டார், ஒரு பாரசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார். மூன்றாவது தடவை முடி கொட்டும்போது கேட்பார், அப்போது சொன்னால் "எதுக்கு இத்தனை நாள் ஏமாத்தினீங்க" என்று மீதியை மறுத்துவிடவும் கூடும்.

நாங்களும் முதல் இரண்டு மாதம் சொல்லவில்லை. போர்ட் வைக்கிற வாரம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், டிரெயின் அளவு எழுதிய அவருடைய நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். டியூப் எடுத்த பிறகும் தினம் ஒரு வரி எழுதியிருந்தார். மில்லியும் நிறமும் இல்லை, வெறும் எண்: 41, 42, 43. கடைசியாக 57. ஆபரேஷன் நாளிலிருந்து எண்ணியிருக்கிறார். என் கணக்கில் 56 என்று இருந்தது, சரிபார்த்தேன், அவர் கணக்குதான் சரி.